எல்லோரும் நலம்

"மாப்பிள்ளை உயிரோட இருக்கார் ஸ்நேகா!"

மேடவாக்கம் ஃபிளாட்டின் மூன்று மாடியையும் ஓடியே ஏறியிருந்தான் கேசவன். கதவைத் திறந்த தங்கை அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டாள்.

பத்து நாளாக அவள் கணவன் ஜெயகிருஷ்ணனின் கப்பலைப் பற்றித் தகவல் இல்லை. புயலில் சிக்கியது என்பது மட்டும் தெரியும். கம்பெனியில் கேட்டால், "விசாரிக்கிறோம் மேடம்."

"போன்ல சொல்லக் கூடாதாண்ணா?"

"எங்க? உன் லைன் பிஸியாவே இருக்கு."

"கம்பெனிக்குத்தான் போட்டுக்கிட்டே இருந்தேன். உனக்கு யார் சொன்னா?"

"எங்க துறைமுக ஆபீசுக்கு ஃபேக்ஸ் வந்தது. ஏழு நாட்டுத் துறைமுகங்க சேர்ந்து போன மாசம் ஒப்பந்தம் போட்டோம்ல? புயலுக்கு ஒதுங்குற கப்பல்ல யார் யார் இருக்காங்கன்னு மத்தவங்களுக்கு உடனே சொல்லணும். முதல் லிஸ்ட்டே மாப்பிள்ளை கப்பல்!"

"அதுக்காக நீ ஃபைலும் கையுமா அலைஞ்சப்ப, கடலுக்கே கலெக்டரான்னு கிண்டல் பண்ணினேனே..." அழுதுகொண்டே சிரித்தாள். "காட்டு."

இரண்டு தாள்களை நீட்டினான். "நானே முழுசாப் பார்க்கல. அவர் பேரைப் பார்த்ததும் ரயிலைப் பிடிச்சுட்டேன்."

நான்காவது வரி. ஜெயகிருஷ்ணன், செகண்ட் இன்ஜினியர், நலம். அதை விரலால் தடவினாள்.

மூலையில் துணி அடுக்கிய புதுப் பயணப் பெட்டி ஒன்று இருந்தது. "இன்னும் பிரிக்கலையா?" என்றான் கேசவன்.

"அடுத்த தடவை வேணுமே. ஆபீசருங்க மனைவியைக் கப்பல்ல கூட்டிட்டுப் போகலாமாம். இந்தத் தடவையே என் பாஸ்போர்ட்டை வாங்கிட்டுப் போனார். கடைசி நேரத்துல கம்பெனி முடியாதுன்னுடுச்சாம். பாஸ்போர்ட் அவர்கிட்டயே இருக்கு."

"நல்லவேளை. போயிருந்தா நீயும் அந்தப் புயல்ல..."

"கப்பல்ல மொத்தம் இருபத்திரண்டு பேர்னு அவர் சொல்லியிருக்கார்ணா. எல்லார் வீட்லயும் இப்படித்தானே தவிச்சிருப்பாங்க? ஒருத்தர் விடாமப் பார்த்துடறேன்."

சத்தமாகப் படித்தாள். கேப்டன், நலம். சமையல்காரர், நலம். ஒவ்வொரு நலத்துக்கும் கேசவன் தலையாட்டினான். இரண்டாம் தாள். இருபத்திரண்டு, நலம்.

கீழே இன்னும் ஒரு வரி இருந்தது. ஸ்நேகா அதை இரண்டு முறை படித்தாள். தாளை அண்ணனிடம் நீட்டினாள்.

23. ஸ்நேகா ஜெயகிருஷ்ணன். செகண்ட் இன்ஜினியரின் மனைவி. நலம்.