தொட்டிக்குள் ஒரு பெரட்டு

"பெரட்டுக்குப் பிந்துனா அரைப்பேர்தான், பாதிச் சம்பளந்தான்!" தினமும் காலையில் வேலைக்குப் பேர் பதியும் பெரட்டில் ஆட்களை வரிசையாக நிறுத்தி இப்படிக் கத்துவார் மடுல்சீமைத் தேயிலைத் தோட்டத்துக் கங்காணி மருதை.

அன்று விடிந்ததும், தான் வளர்க்கும், காலிச் சங்குகளுக்குள் குடியிருக்கும் சங்கு நண்டுகளைப் பெரிய கண்ணாடித் தொட்டிக்கு மாற்றி, நடுவில் பெரிய காலிச் சங்கொன்றையும் வைத்தார்.

சற்று நேரத்தில் நண்டுகள் பெரியது முன்னால், சிறியது பின்னால் என்று வரிசைகட்டின. முன்னது விட்டுப்போகும் சங்கில் பின்னது குடியேறுமாம்.

"புஷ்பம், இதுதாண்டி பெரட்டு! நம்ம ஆளுகளும் இருக்குதுகளே!" என்று மனைவியிடம் காட்டினார்.

"ஏங்க, நேரமாச்சு."

"சும்மா இரு, கடைசி ஆளு இன்னும் சங்கு மாறல."

போன் அடித்தது. புஷ்பம் எடுத்தாள்.

"கணக்கப்பிள்ளை பேசுறாருங்க. ஆளுக எல்லாரும் வரிசையில நிக்கிறாங்களாம். கங்காணிக்குத்தான் இன்னைக்கு அரைப்பேராம்."