முதல் ஆள்

தீயணைப்புக்காரன் தலைக்கவசத்தைக்கூடக் கழற்றாமல், கையில் தீயணைப்பானோடு தையல்கடைக்குள் பாய்ந்து வந்து நின்றான். அந்த வேகத்தில் சினிமா கதாநாயகனே தோற்றுப்போவான்.

தையற்காரி மெஷினை நிறுத்தவில்லை. அவன் கேட்டான்:

"சின்ன வயசுல அனாதை விடுதியில திரைச்சீலை எரிஞ்சப்போ உன்னைத் தூக்கிட்டு வந்தது யாரு?"

"நீதான்."

"இந்தக் கடையில ரெண்டு தடவை தீப்பிடிச்சுதே, முதல் ஆளா வந்தது?"

"அதுவும் நீதான்."

"உன் புருஷன் உன்னை விட்டுட்டு ஓடிட்டான். என் பொண்டாட்டி என்னை விரட்டிட்டா. நமக்குன்னு வேற யாரு இருக்கா? கட்டிக்கலாம்னு சொல்லேன்."

"யோசிக்கணும்டா."

"யோசி. அதுக்குள்ள பின்னறையில எரியற தீயை அணைச்சுட்டு வந்துடறேன்."

மெஷின் நின்றது.

"எந்தத் தீ? காலையில சட்டைக்கு அளவு கொடுக்க வந்து, துணி மூட்டைக்கு அடியில ஒரு மெழுகுவத்தியைச் செருகிட்டுப் போனியே, அதுவா? அதை அப்பவே ஊதி அணைச்சுட்டேன்."

அவன் கையிலிருந்த தீயணைப்பான் நழுவித் தரையில் உருண்டது.

"அன்னிக்குத் திரையைக் கொளுத்தினேன்னு வார்டன்கிட்ட பிரம்படி வாங்கினது நான். காப்பாத்தினேன்னு கைதட்டு வாங்கினது நீ. இந்தத் தடவை மாத்திக்கலாம். வாசலைத் திரும்பிப் பாரு. முதல் ஆளா போலீஸ் வந்திருக்கு."