பாலம் ஆள் தேடியது

ஆற்றுப் பாலத்துக்கு ஒரு கால் கொஞ்ச நாளாகவே வலித்தது. வெளியே சொன்னால் தன்னை மூடிவிடுவார்களே என்று பல்லைக் கடித்துக்கொண்டு நின்றது. ஆனால் பள்ளிக்கூட பஸ் மேலே ஏறும்போதெல்லாம் அதற்குப் பகீரென்றது. கடைசியில், தன் உடம்பைக் கவனிக்க ஆள் வேண்டுமென்று சொல்லி அனுப்பியது.

முதலில் காகம் வந்தது. மேலே ஒரு சுற்று சுற்றிவிட்டு, "உங்களுக்கு என்ன குறைச்சல்? தினமும் வந்து இதையே சொல்றேன். கூலியா ஒரு மீன் தலை போதும்" என்றது.

பாலத்துக்கு மனசு குளிர்ந்துவிட்டது. வேலை உனக்குத்தான் என்று சொல்ல வாயெடுத்தது.

அதற்குள் அடியிலிருந்து ஒரு சிலந்தி குரல் கொடுத்தது. "ஐயா, நானும் வேலை கேட்டுத்தான் வந்திருக்கேன். விரிசலுக்குக் குறுக்கே நூல் கட்டுவேன். விரிசல் பெருசாகி அது அறுந்தா ஊரைக் கூட்டிடுவேன். அப்போ நீங்க என்னைத் தடுக்கக்கூடாது, அதுதான் என் நிபந்தனை. சொல்லுங்க, எங்கே வலிக்குது?"

இத்தனை வருஷத்தில் யாரும் அதைக் கேட்டதில்லை. தூரத்தில் பஸ்ஸின் ஹார்ன் கேட்டது.

"மூணாவது கால்" என்றது பாலம். "பஸ் வர்றதுக்குள்ள கட்டிடு."