அக்கரை முட்கள்

வயல் எலிகளின் வளைக்குள் பெருச்சாளிகள் புகுந்து பாதியைப் பிடித்துக்கொண்டன. மீதியைக் காப்பாற்றிக்கொள்ள, ஓடைக்கு அக்கரையில் இருந்த முள்ளம்பன்றியார் தன் முட்களை அனுப்பிவைத்தார். "உள்ளே வந்தவனை மட்டும் குத்துங்கள். அவன் வீட்டுப் பக்கம் போய்விடாதீர்கள்" என்று சொல்லியும் அனுப்பினார்.

வாசலில் நின்று சண்டை போட்டவர்களில் செவலை என்ற எலியும் ஒருத்தி. அவளுடைய இரண்டு அண்ணன்களும் அங்கேதான் செத்தார்கள். மிஞ்சியது ஒரு தம்பிதான்.

ஒருநாள் பெருச்சாளிகளும் களைத்துப்போய், "பேசித் தீர்த்துக்கொள்வோமா?" என்று ஆளனுப்பின.

"அக்கரையில் கேட்டுச் சொல்கிறோம்" என்றார் எலித் தலைவர்.

செவலைதான் நீந்திப் போனாள். முள்ளம்பன்றியார் கிழங்கு தின்றுகொண்டிருந்தார்.

"இப்போது போய்ப் பேச்சா? இன்னும் முள் தருகிறேன், விடாதீர்கள்" என்றார்.

"முள் இருக்கிறது ஐயா. பிடிக்கத்தான் ஆள் இல்லை."

"அடடா! உங்கள் வீரத்தை நினைத்தால் எனக்கு உடம்பெல்லாம் சிலிர்க்கிறது."

சிலிர்த்ததில் நாலைந்து முட்கள் உதிர்ந்தன. செவலை அவற்றை எடுக்காமல் திரும்பினாள்.

"என்ன சொன்னார்?" என்று கேட்டார் தலைவர்.

வழியெல்லாம் யோசித்து வைத்திருந்த பொய்யைச் செவலை சொன்னாள். "நம்மையே முடிவு செய்துகொள்ளச் சொன்னார்."

தலைவருக்கு முகம் வெளுத்துவிட்டது.

"அப்படிச் சொல்லமாட்டாரே அவர். எதற்கும் இன்னொரு தடவை போய்க் கேட்டுவிட்டு வந்துவிடு. அதுவரை வாசலில் உன் தம்பி நிற்கட்டும்."