கழுத்தில் இரண்டு புள்ளி

"கழுத்துல என்ன அது?"

"டாட்டூ மிஸ்."

"ஸ்கெட்ச் பேனாவுல போட்டா அது டாட்டூவா? துடை."

பிளஸ் ஒன் வகுப்பில் அன்றைக்கு ஆறேழு கழுத்துகளில் இரண்டிரண்டு சிவப்புப் புள்ளிகள் இருந்தன. எல்லாம் அந்தக் காட்டேரிக் காதல் கதை செய்த வேலை. தமிழில் ஐந்து பாகம் வந்துவிட்டது. கதாநாயகன் ஏட்ரியன் ஒரு ரத்தக் காட்டேரி. வெள்ளை வெளேரென்று இருப்பான். காதலியின் கழுத்தில் இரண்டு பல்லைப் பதிப்பான். அவ்வளவுதான், குன்னம் பக்கத்துப் பெண்கள் பாதிப் பேர் அவனுக்கு மனசால் வாக்கப்பட்டுவிட்டார்கள்.

ஆங்கில ஆசிரியை ஜெயசுதாவுக்கு அந்தக் கதையைக் கண்டாலே ஆகாது. அதைப் படிப்பவர்களைக் கண்டால் இன்னும் ஆகாது.

"ரத்தம் உறிஞ்சுறவனைத்தான் காதலிக்கணும்னா நம்ம ஊர்லயே கொசு இருக்கு. சொல்லுங்க, பேசி முடிச்சிடலாம்."

வகுப்பு சிரித்தது. கலையரசி மட்டும் சிரிக்கவில்லை. ஐந்து பாகத்தையும் திரும்பத் திரும்பப் படித்தவள்.

"ஏட்ரியன் அப்படி இல்ல மிஸ். அவன் மனசு உங்களுக்குத் தெரியாது."

"எல்லாம் தெரியும். சுத்தக் குப்பை. உக்காரு."

கலையரசி உட்கார்ந்தாள். புள்ளியைத் துடைக்கவில்லை. துப்பட்டாவை இழுத்து மூடிக்கொண்டாள்.

மறுநாள் காலை தலைமையாசிரியை அனுசுயாவின் அறையில் கலையரசியின் அப்பா நல்லுசாமி நின்றுகொண்டிருந்தார். பக்கத்தில் தலைகுனிந்து அவள்.

"நேத்து சாயங்காலம் மக்காச்சோளக் கொல்லைக்குத் தண்ணி கொண்டாந்தா மேடம். அவ அம்மா கழுத்தைப் பாத்துட்டா. பக்கத்துப் பக்கத்துல ரெண்டு செவப்புப் புள்ளி. பாம்பு கடிச்சா அப்படித்தானே இருக்கும்? அவ கத்துன கத்துல ஊரே கூடிருச்சு."

"பொண்ணு சொல்லலியா?"

"சொல்ல விட்டாத்தானே. பேசுனா விஷம் ஏறும்னு வாயைப் பொத்திட்டோம். கட்டுப் போடலாம்னா, கழுத்துல எங்கங்க கட்டுறது? பெரியாஸ்பத்திரிக்குத் தூக்கிட்டு ஓடுனோம். டாக்டரு பஞ்சுல ஸ்பிரிட்டைத் தொட்டு ஒரு துடை துடைச்சாரு. போயிருச்சு."

அனுசுயா மேடம் தண்ணீர் குடிப்பதுபோல டம்ளரை முகத்துக்கு நேரே தூக்கிக்கொண்டார்.

"என்னடி இதுன்னா, காட்டேரிங்கிறா. காட்டேரி எங்க குலசாமிங்க. பொம்பள சாமி. இவ காட்டுற புத்தக அட்டையில மீசை மொளைக்காத பய ஒருத்தன் நிக்கிறான். வேணாங்க, இனிமே பள்ளிக்கூடமே வேணாம். பரீட்சைக்கு மட்டும் அனுப்புறேன். அதுக்குள்ள அவ மாமன்கிட்ட பேசி ஒரு முடிவு பண்ணிடுறோம்."

மேடம் டம்ளரைக் கீழே வைத்தார். இப்போது அவர் முகத்தில் சிரிப்பு இல்லை. ஜெயசுதாவை வரச்சொன்னார்.

நடந்ததை மறுபடியும் ஒருமுறை சொல்லிவிட்டு நல்லுசாமி கேட்டார்:

"நீங்க கண்டிக்கிறீங்கன்னு எம் பொண்ணே சொல்லியிருக்கு. நீங்களே சொல்லுங்க டீச்சர், இதெல்லாம் படிக்கிற பொண்ணு உருப்படுமா?"

கலையரசி இன்னும் கொஞ்சம் குனிந்துகொண்டாள். மிஸ் என்ன சொல்வார் என்று அவளுக்குத் தெரியும். வகுப்பில் தினமும் கேட்பதுதான்.

ஜெயசுதாவுடையது தற்காலிக வேலை. ஏதாவது சொல்லி ஏதாவது ஆகிவிட்டால் முதலில் போவது அதுதான். ஆனால் கூடப் படித்த பூமாலை நினைவுக்கு வந்தாள். அவள் வீட்டிலும் பரீட்சைக்கு மட்டும் அனுப்புகிறோம் என்றுதான் சொன்னார்கள். பரீட்சைக்கு அவள் வரவில்லை.

"ஒரு நிமிஷம் மேடம், வந்துடுறேன்," என்று ஸ்டாஃப் ரூமுக்குப் போனாள்.

"சாட்சிக்கு அந்தப் புத்தகத்தை எடுத்தாரப் போறாங்க. பாரு இப்ப," என்றார் நல்லுசாமி மகளிடம்.

ஜெயசுதா வெறுங்கையோடு திரும்பி வந்தாள்.

"அது நாடகத்துக்குங்க. ஆண்டு விழாவுல போடப் போறோம். நான்தான் எல்லாரையும் புள்ளி வெச்சுப் பாக்கச் சொன்னேன்." புடவைத் தலைப்பை விலக்கிக் கழுத்தைக் காட்டினாள். சிவப்பாக இரண்டு புள்ளி. "பாருங்க, நானும் வெச்சிருக்கேன்."

"கூத்தா?" நல்லுசாமியின் குரல் இறங்கியது. "கூத்துக்கு வேஷம் கட்டுறதுன்னா சரிதான். எங்கப்பாவே கட்டியிருக்காரு. ஏண்டி, இதை நேத்தே சொல்லித் தொலைச்சிருக்கலாம்ல?"

"நீங்கதான் வாயைப் பொத்திட்டீங்களேப்பா."

அவர் கும்பிட்டுவிட்டுப் போனார். அனுசுயா மேடம் ஜெயசுதாவின் கழுத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். பேப்பர் திருத்தும் சிவப்பு மை இன்னும் காயவில்லை.

"ஆண்டு விழாவுக்கு அவரு முதல் வரிசையில வந்து உக்காருவாரு ஜெயசுதா. தெரியும்ல?"

"போட்டுடலாம் மேடம்."

வராந்தாவில் கலையரசி காத்திருந்தாள். நன்றி சொல்லப் போகிறாள் என்று நினைத்தாள் ஜெயசுதா.

"மிஸ், வலது பக்கம் வெச்சிருக்கீங்க. ஏட்ரியன் இடது பக்கம்தான் கடிப்பான். முதல் பாகத்துலயே வருமே." கலையரசி அவள் முகத்தைப் பார்த்தாள். "மிஸ், நீங்க அதைப் படிச்சதே இல்லையா?"

ஜெயசுதா கைக்குட்டையை எடுத்துக் கழுத்தைத் துடைத்துக்கொண்டாள்.

"திட்டுறதுக்கு எதுக்குடி படிக்கணும்? நாடகம் போடத்தான் படிக்கணும். முதல் பாகத்தை நாளைக்கு எடுத்துட்டு வா."