பெயரில்லாத அயிரை

குத்தகைத் தகராறில் பண்ணையார் மதகை அடைத்துவிட்டதால் வாய்க்கால் வற்றிக் கிடக்கிறது. சேற்றில் துடித்த ஏழு அயிரை மீன்களை ரெத்தினம் தூக்குவாளியில் அள்ளி வந்து, மனைவி நீலாம்பாளின் கண்ணாடித் தொட்டியில் இப்போதுதான் விட்டிருக்கிறான். கல்லூரியில் விலங்கியல் சொல்லித்தரும் நீலாம்பாள், தரையில் மண்டியிட்டு பூதக்கண்ணாடியை ஒரு மீனுக்கு நேரே பிடிக்கிறாள். சன்னல் வெயில் தண்ணீருக்குள் சாய்ந்து இறங்குகிறது. சுண்டுவிரல் நீளம்கூட இல்லாத உடம்பில் வழக்கமான புள்ளிகளைக் காணோம். வயிற்றைச் சுற்றிக் கருப்பு வளையங்கள் ஓடுகின்றன. வாயோரத்து மீசைகளை உதடு அசைய எண்ணுகிறாள், மறுபடியும் எண்ணுகிறாள். மடியில் விரித்த தடித்த புத்தகத்தின் எந்தப் படத்தோடும் அது பொருந்தவில்லை. மீன்கள் மேலே வந்து காற்றை விழுங்குகின்றன. “செத்துருமா?” என்கிறான் ரெத்தினம். அவள் பக்கத்துச் சட்டியிலிருந்த ஆற்றுமணலைக் கைகையாக அள்ளித் தொட்டிக்குள் மெல்ல இறக்குகிறாள். ஒவ்வொன்றாக அவை மணலுக்குள் புதைந்து, கண்களை மட்டும் வெளியே வைத்துக்கொண்டு அடங்குகின்றன. “பொழச்சிக்கிச்சுங்க,” என்கிறாள். “கொழம்பு வைக்கிற மீனுதானே. இதுக்கு என்ன பேரு?” என்று அவன் குனிகிறான். தொட்டியில் மூக்கு இடிக்க, பார்வையை எடுக்காமலே சிரிக்கிறாள் நீலாம்பாள். “இதுக்கு இன்னும் யாரும் பேரே வைக்கலை போலிருக்குங்க.”