சண்டைக் காலத்து வடை

குண்டு விழும் என்று ஊரே வண்டி கட்டிப் போய்விட்டது. யாரோ விட்டுப்போன ஒரே ஒரு வடையோடு காகம் மரத்தில் இருந்தது. கீழே பதுங்குகுழியில் குட்டிகளோடு கிடந்த நரிக்குப் பசியில் வயிறு ஒட்டியிருந்தது.

“அக்கா, ஒரு பாட்டுப் பாடேன்” என்றது நரி.

காகம் வடையைக் காலில் இடுக்கிக்கொண்டது. “இந்தக் கதையை எங்கம்மாவே சொல்லியிருக்கா, போடீ.”

“வடைக்கு இல்லக்கா. பிள்ளைங்க பயந்துபோய்த் தூங்கவே மாட்டேங்குது. நான் பாடினா அபாயச் சங்குன்னு நினைச்சு இன்னும் அழுவுது.”

காகம் யோசித்தது. பிறகு குழிக்குள் இறங்கி, “காலில் இடுக்கிக்கிட்டுப் பாட வராது, பிடிச்சுக்கோ” என்று வடையை நரியிடம் நீட்டியது. கரகரத்த குரலில் பாடியது. குட்டிகள் ஒவ்வொன்றாய்த் தூங்கின.

வடை முழுசாகத் திரும்பி வந்தது. நரியின் எச்சில் சொட்டி ஓரம் மட்டும் நனைந்திருந்தது.

காகம் ஒரு வாய் கொத்திக்கொண்டு, மிச்சத்தை மறந்துவிட்டதுபோல் பறந்துபோனது.